பாஞ்சாலி கட்டாத ஹேமக்

திருப்பத்தூரில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் எனக்கொரு கடை இருக்கிறது. டெண்ட், ஸ்லீப்பிங் பேக், கேஸ் அடுப்பு, மழைக்கோட்டு என்று மலையில் தங்கப் போகிறவர்களுக்கு வேண்டியதை எல்லாம் வாடகைக்கு விடுகிறேன். கேட்பவர்களை ஜவ்வாது மலைக்கு நானே அழைத்துக்கொண்டும் போவேன். பெயர் வெற்றிவேல். என்னைப் பற்றி இவ்வளவு போதும். சொல்ல வந்தது பாஞ்சாலி அக்காவைப் பற்றி.

நெல்லிவாசல்நாட்டில் ஜீப் நிற்கும் இடத்திலிருந்து காட்டுப் பாதையில் ஏறிப் போனால் அவள் கொல்லை வரும். சாமை அறுத்த பிறகு சும்மா கிடக்கும் அந்தக் கொல்லையில்தான் எங்கள் முகாம். பட்டா நிலம் என்பதால் காட்டிலாகாவோடு தகராறு இல்லை. வருகிறவர்களுக்கு வழி காட்டிக் கூட்டிப் போவது, சமைத்துப் போடுவது, எந்தப் பக்கம் போகலாம், எந்தப் பக்கம் கூடாது என்று சொல்வது எல்லாம் அவள் பொறுப்பு. வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். ஒல்லியான உடம்பு. குரல் மட்டும் அந்த உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரியது.

மலைக்காரர்கள் என்றால் வெறுங்காலும் ஒரு கொடுவாளும் இருந்தால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்று இருப்பார்கள் என என் வாடிக்கையாளர்கள் சிலர் நினைத்துக்கொண்டு வருவார்கள். அதைக் கேட்டாலே எனக்கு எரிச்சலாக வரும். பாஞ்சாலி அக்காவைப் போலப் புதுச் சாமான் மேல் ஆசை வைத்த மனுஷியை நான் கீழே டவுனில்கூடப் பார்த்ததில்லை. ஸ்லீப்பிங் பேக் ஒன்றை முதன்முதலில் கொடுத்தபோது உள்ளே புகுந்து, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, "இதுக்குள்ள பூந்துட்டா பனி நம்மள இன்னா பண்ணும்?" என்று கேட்டாள். மறுநாள் காலையில் சமைக்க வேண்டியவளை வந்தவர்கள்தான் எழுப்பினார்கள். மடக்கு நாற்காலி வந்த வருஷம் அதில் உட்கார்ந்துதான் வெங்காயம் உரித்தாள். கேஸ் அடுப்பு மட்டும் சுமார்தான். காற்றடித்தால் கோபித்துக்கொள்கிறது என்று அதைத் திட்டிக்கொண்டே பற்றவைப்பாள்.

எல்லாவற்றிலும் அவளுக்குப் பிடித்தது தலையில் மாட்டும் விளக்கு. தலை லைட்டு என்பாள். இரண்டு கையும் சும்மா கிடைக்கிறது என்பதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். ராத்திரிக்கு வாங்கியதைப் பகலிலும் கழற்றுவதில்லை. திருப்பத்தூர் சந்தைக்கு வந்தபோதுகூட நெற்றியில் அதை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் இருந்து இறங்கினாள். கண்டக்டர் ஏதோ கிண்டல் செய்திருக்கிறார். "உங்க பஸ்ல லைட்டு எரியலன்னா நான் காட்டலாம்னுதாங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

ஆனால் ஹேமக்கை மட்டும் அவள் தொட மாட்டாள்.

ஹேமக் என்பது இரண்டு மரத்துக்கு நடுவே தூளி மாதிரிக் கட்டிக்கொண்டு படுக்கிற நைலான் துணி. இளைஞர்கள் டெண்டைவிட இதைத்தான் விரும்பிக் கேட்கிறார்கள். மற்ற சாமான்களைத் தூக்கிக்கொண்டு வருகிறவள் இது இருக்கிற பையை மட்டும் தள்ளிவைத்துவிடுவாள். கட்டித் தரச் சொன்னால் காதில் விழாத மாதிரி போய்விடுவாள். யாராவது அதில் படுத்துத் தூங்கினால் அந்தப் பக்கமாக நாலு முறை நடந்து, பாத்திரத்தைச் சத்தமாகப் போட்டு, எப்படியாவது எழுப்பிவிடுவாள். வாடிக்கையாளர் முகம் சுளிப்பது எனக்குத்தானே கஷ்டம். நானும் சில தடவை முணுமுணுத்திருக்கிறேன்.

இன்னொரு வழக்கமும் அவளிடம் உண்டு. ஜீப் நிற்கும் இடத்துக்கும் கொல்லைக்கும் நடுவே பாதை ஒரு பாறையைச் சுற்றித் திரும்பும். அங்கே ஒரு வேங்கை மரம். அந்த இடம் வந்ததும் பாஞ்சாலி அக்கா வாயில் விரல் வைப்பாள். எல்லோரும் பேச்சை நிறுத்த வேண்டும். அவள் ஒரு கொத்துத் தழையை ஒடித்து மரத்தடியில் போடுவாள். பாறையைத் தாண்டிய பிறகுதான் பேசலாம். மலையில் வழியிலேயே உயிர் போனவர்களுடைய இடத்தில் அப்படித் தழை போடுவதும் வாய் திறக்காமல் கடப்பதும் அவர்கள் ஊர் வழக்கம். போனில் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்த ஒருவனை ஒரு தடவை அங்கேயே உட்காரவைத்துவிட்டு மற்றவர்களோடு நடந்துவிட்டாள். அவனை நான்தான் திரும்பிப் போய்க் கூட்டிவந்தேன்.

அது அவள் புருஷன் பழனியின் இடம் என்று எனக்குத் தெரியும். அவன் எப்படிச் செத்தான் என்பது தெரியாது. கேட்கவும் இல்லை.

சென்னையிலிருந்து பார்த்திபன் என்று ஒருவர் வருஷம் தவறாமல் வருவார். காட்டில் தங்குவது, முடிச்சுப் போடுவது, நெருப்பு மூட்டுவது என்று வீடியோ எடுத்துப் போடுகிறவர். கொஞ்சம் பேச்சு அதிகம்; மற்றபடி நல்ல மனுஷன், நல்ல வேலைக்காரன். ஒரு மாலை கேமராவை அக்கா பக்கம் திருப்பி, "உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச கேம்பிங் சாமான் எது, பிடிக்காத சாமான் எதுன்னு சொல்லுங்கக்கா" என்றார்.

"புடிச்சது இதான்" என்று நெற்றி விளக்கைத் தொட்டுக் காட்டினாள்.

"பிடிக்காதது?"

அவள் எழுந்து உலையைப் பார்க்கப் போய்விட்டாள். சாமைச் சோறு அதற்குள் வெந்து இறக்கியாகிவிட்டது என்பது எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் பார்த்திபனையும் கூட வந்தவர்களையும் வழியனுப்பிவிட்டு ஜீப் நிற்கும் இடத்தில் நானும் அவளும் அடுத்த வண்டிக்காகக் காத்திருந்தோம். நான் கேட்காமலே அவள் ஆரம்பித்தாள்.

"எங்க ஊர்ல ஒடம்புக்கு முடியாதவங்களை எப்டி எறக்கினு வர்றோம்னு பாத்துக்கீறீங்களா தம்பி?"

பார்த்திருக்கிறேன். ஒரு நீளக் கழி, ஒரு போர்வை. போர்வையின் இரண்டு நுனியையும் கழியில் முடிந்து, ஆளை அதற்குள் படுக்கவைத்து, முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவருமாகத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். டோலி என்பார்கள். ரோடு இல்லாத ஊர்களுக்கு இன்றைக்கும் அதுதான் கதி.

"அதுல ஒரு மொற கீது. பின்னாடி தூக்கறவங்க பேசிக்கினே வரணும். உள்ள கீறவங்க ஊம் கொட்டிக்கினே வரணும். முன்னாடி போறவனுக்கு ஒண்ணும் தெரியாது பாருங்க. அந்த ஊம் காதுல வுழுந்தாத்தான் அவனுக்குக் கால் வரும்."

பழனி ஒரு நாள் விடியற்காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்திருக்கிறான். ராத்திரியில் இருந்தே வலி. ஊரில் ஆம்பிளைகள் பாதிப் பேர் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போயிருந்த சமயம். பழனியின் தம்பி சின்னராசு முன்னால் தூக்க, பின்னால் தூக்க ஆள் இல்லாமல் பாஞ்சாலியே கழியைத் தோளில் வாங்கியிருக்கிறாள்.

"நான் பேசிக்கினேதான் வந்தேன். சாமையப் பத்தி, பையனப் பத்தி. அவுரும் ஊம், ஊம்னு வந்தாரு. அப்பறம் பாத்தா கண்ணு சொருகுது. ராவெல்லாம் தூங்காத மனுசன், நோவு கொறஞ்சிடிச்சி, தூக்கம் வருதுன்னு எனக்கு ஒரே சந்தோசம். துணி வந்து மூஞ்சிய மூடிக்கிச்சி. வெயில் படாம தூங்கட்டும்னு நானும் வுட்டுட்டேன். கொழுந்தன்கிட்ட, மெதுவா போப்பா, ஆடாம போ, அண்ணன் தூங்குதுன்னேன். நானும் வாய மூடிக்கினேன். அந்த வேங்கை மரத்தாண்ட தோள் மாத்திக்க எறக்கனோம். துணிய வெலக்கிப் பாத்தா ஒடம்பு சில்லுன்னு கீது."

அவள் வண்டி வரும் வழியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கட்டுவிரியன் கடிச்சிருக்கும்னு ஆஸ்பத்திரில அப்பறம் சொன்னாங்க. அது கடிச்சா கடிச்ச எடமே தெரியாதாம். வவுறு நோவுமாம். கண்ணு எமை தானா எறங்கிடுமாம், பாக்கறதுக்குத் தூக்கம் மாதிரியே இருக்குமாம். நானே மெதுவா போவச் சொன்னேன் தம்பி. ஓட வேண்டிய நேரத்துல."

வழியில் உயிர் போய்விட்டால் அந்தக் கழியையும் துணியையும் ஊருக்குத் திரும்பக் கொண்டுபோவதில்லை. அங்கேயே விட்டுவிடுவார்கள். கழி மக்கி மண்ணாகிப் போக வெகுகாலம் ஆனது என்றும், அதுவரைக்கும் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துக்கொண்டேதான் நடந்தேன் என்றும் சொன்னாள்.

"அந்த நைலான் துணிக்குள்ள பசங்க படுத்தா ரெண்டு பக்கமும் வந்து மூஞ்சிய மூடிக்குது. தூங்குறாங்களா இன்னான்னு வெளிய கீறவங்களுக்குத் தெரியறதில்ல. அதான் எனக்கு ஆவாது. அந்தத் தம்பி கேமராவுல இதெல்லாம் சொல்ல முடியுமா, சொல்லுங்க."

அதற்குப் பிறகு ஹேமக் வாடகைக்குப் போனால் கட்டுவது, அவிழ்ப்பது, மடிப்பது எல்லாம் நான்தான். முணுமுணுப்பதை விட்டுவிட்டேன். துணியின் ஓரத்தை மடித்து முகம் தெரிகிற மாதிரி படுக்கச் சொல்லி வருகிறவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன். காற்றோட்டத்துக்கு என்று காரணம் சொல்வேன்.

போன மாசி மாதம் அந்தக் கொல்லையில்தான் அது நடந்தது. மலையில் புளி உலுக்குகிற சமயம். பார்த்திபனும் அவருடைய சிநேகிதர் ஒருவரும் வந்திருந்தார்கள். கொல்லை ஓரத்துப் புளிய மரத்தில் சின்னராசு ஏறிக் கழியால் கிளைகளை அடித்துக்கொண்டிருந்தான். கீழே புளி பொறுக்கிக்கொண்டிருந்தவள் அன்பரசி. பாஞ்சாலி அக்காவின் ஒரே மகன் தசரதனின் மனைவி. தசரதனுக்குப் பெங்களூரில் கட்டட வேலை. வீட்டில் மாமியாரும் மருமகளும்தான். இரண்டு பேருக்கும் பெரிய சண்டையும் இல்லை, பெரிய கொஞ்சலும் இல்லை. அன்பரசி அதிகம் பேசாத பெண். மாமியார் சொன்னதைச் சொன்னபடி செய்து முடிப்பாள்.

காய்ந்த கிளை ஒன்று முறிந்து விழுந்தது. சின்னராசு மேலிருந்து கத்தினான். அவள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் தலையில் அடித்துவிட்டது.

ரத்தம் அதிகம் இல்லை. நாங்கள் ஓடிப் போனபோது எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ஒன்றும் இல்லை என்று கையைக்கூட ஆட்டினாள். பிறகு வாந்தி எடுத்தாள். இன்னொரு முறை எடுத்தாள். பாஞ்சாலி அக்கா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"தூக்கம் வருது அத்தே" என்றாள் அன்பரசி. "செத்த நேரம் தூங்கறேனே."

அந்த வார்த்தை பாஞ்சாலி அக்காவை என்ன செய்தது என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மருமகளை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து நேராக முகாமுக்கு நடந்தாள். வீடு இன்னும் மேலே, ஏற்றத்தில் இருக்கிறது. போர்வை எடுத்துவரப் போனால் அவ்வளவு நேரம் போய்விடும். பார்த்திபன் படுப்பதற்காக நான் கட்டிக் கொடுத்திருந்த ஹேமக் இரண்டு மரத்துக்கு நடுவே தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதன் வாரைக் கழற்றி, சுருட்டி, மார்போடு அணைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். அதை அவள் தொட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சமையல் கொட்டகையின் குறுக்குக் கழியை உருவினோம். பார்த்திபனின் சிநேகிதர் சிக்னல் கிடைக்கிற பாறைக்கு ஏறி, ஜீப் நிற்கும் இடத்துக்கு 108 வண்டியை வரச் சொல்ல ஓடினார். பார்த்திபன் ஹேமக்கின் இரண்டு நுனியையும் கழியில் முடிந்தார். அந்த முடிச்சைப் பிறகு நாங்கள் நம்பி இறங்கினோம், ஒரு விரல் அளவுகூட நழுவவில்லை.

அன்பரசியை உள்ளே படுக்கவைத்ததும் துணி வழக்கம்போல இரண்டு பக்கமும் வந்து அவள் முகத்தை மூடிக்கொண்டது.

"மூஞ்சி தெரியணும்" என்றாள் பாஞ்சாலி அக்கா. "எனக்கு மூஞ்சி தெரியணும்."

பார்த்திபன் டெண்டின் கம்பியில் ஒரு துண்டை எடுத்து, தலைப் பக்கத்தில் துணியின் இரண்டு ஓரத்துக்கும் நடுவே குறுக்காகக் கொடுத்துக் கட்டினார். துணி விரிந்து நின்றது. முகம் தெரிந்தது.

இறக்கத்தில் தலை மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும் என்பதால் தலைமாடு பின்னால் வந்தது. சின்னராசு பின்கழியைப் பிடிக்கப் போனான். அக்கா அவனை விலக்கிவிட்டுத் தோளைக் கொடுத்தாள். இத்தனை ஆம்பிளைகள் இருக்கும்போது அவள் எதற்கு என்று அவன் இழுத்தான்.

"முன்னாடி ஆள் மாத்திக்கோங்க. பின்னாடி நான்தான்" என்றாள்.

முன்னால் முதலில் சின்னராசு, பிறகு பார்த்திபன், பிறகு நான். நான் தூக்கும்போதுதான் அந்த வேலையின் கஷ்டம் புரிந்தது. கனம் ஒரு பொருட்டில்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு உயிர் ஆடிக்கொண்டு வருகிறது, நமக்கு எதுவும் தெரியாது. கால் வைக்கும் கல்லைப் பார்ப்பதா, காதைப் பின்னால் வைப்பதா என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

பின்னால் பாஞ்சாலி அக்கா பேசிக்கொண்டே வந்தாள். முதலில் நல்ல பேச்சுதான். தசரதன் பங்குனியில் வருவான், உனக்கு அந்தப் பச்சைப் புடவை வாங்கச் சொல்லியிருக்கிறேன் என்றெல்லாம். அன்பரசியின் ஊம் வர வரத் தேய்ந்துகொண்டே போனது. தூங்குகிறேன் அத்தை என்று கெஞ்சினாள். அக்கா உடனே தொனியை மாற்றிவிட்டாள்.

"உங்கம்மா வூட்ல யாருக்காவது களி கிண்டத் தெரியுமாடி?"

"...ஊம்."

"இன்னா ஊம்? கல்யாணத்தன்னிக்குப் பாத்தனே. கட்டி கட்டியா கெடந்துச்சி. சம்பந்தி வூடுன்னு வாய மூடிக்கினு துன்னேன்."

"அது... எங்கம்மா கிண்டல. சித்தி."

"சித்தியோ ஆத்தாளோ. உங்கப்பன் போட்ட சோத்துல கல்லு. பல்லு ஒண்ணு அன்னிக்கு ஆடிச்சி, இன்னும் ஆடுது."

"பொய் சொல்லாத அத்தே" என்று உள்ளிருந்து வந்தது. கோபத்தில் குரல் கொஞ்சம் தெளிந்திருந்தது. எனக்கு உயிர் வந்தது. அந்தச் சூழ்நிலையிலும் பார்த்திபன் சிரித்துவிட்டார். அக்கா விடவில்லை. மருமகளின் சமையல், சாணி தட்டும் அழகு, போனில் புருஷனோடு பேசும்போது மட்டும் வருகிற குரல் என்று ஒவ்வொன்றாக எடுத்து நாறடித்தாள். மரம் அடர்ந்து இருட்டிக் கிடந்த இடங்களில் நெற்றி விளக்கைப் போட்டு அன்பரசியின் முகத்தில் வெளிச்சம் அடித்தாள். கண் கூசுகிறது என்று அன்பரசி திட்டினாள். "கூசட்டும். நல்லா கூசட்டும்" என்றாள் அக்கா. அவளுடைய மூச்சு இரைப்பது முன்னால் இருந்த எனக்கே கேட்டது. ஒரு தடவைகூடத் தோளை மாற்றித் தரச் சொல்லவில்லை.

பாறை தெரிந்தது. அதன் பக்கத்தில் வேங்கை மரம்.

அந்த இடத்தில் நான் பேசி அறியேன். பார்த்திபனும் அப்படித்தான் பழகியிருந்தார். சின்னராசு முன்னால் போய்த் தழை ஒடித்துப் போட்டுவிட்டுத் தலையைக் குனிந்து நின்றான். காலடிச் சத்தமும் கழி முனகுகிற சத்தமும்தான் கேட்டன. பாஞ்சாலி அக்காகூட ஒரு நொடி தயங்கினாள் என்று நினைக்கிறேன். இத்தனை வருஷமாக அவளே எல்லோருக்கும் வாயில் விரல் வைத்துக் காட்டிய இடம்.

பிறகு பேசினாள்.

"அன்பு. நேத்து வச்ச கொழம்புல உப்பு போட்டியா இல்லையா?"

பதில் இல்லை.

"உன்னத்தான் கேக்கறேன். ஊம் கொட்டு."

ஒன்றும் வரவில்லை. என் கால் தானாக நின்றுவிட்டது. கீழே இறக்கலாமா என்று கேட்டேன்.

"எறக்காதீங்க" என்றாள். "இந்த எடத்துல எறக்காதீங்க தம்பி. இங்க ஒரு தரம் எறக்கினது போதும்."

நான் திரும்ப முடியாமல் நின்றேன். தோளில் கழி நடுங்கியது. அவள் தோளில் இருந்து வந்த நடுக்கம் அது. "வாயத் தொறடி" என்றாள். "அன்பு, வாயத் தொற. திட்டு. என்னை நல்லா திட்டு. ஊம்னாவது சொல்லுடி." அவள் குரல் பாறையில் மோதித் திரும்பியது. பழனியின் இடத்தில் அதற்கு முன் அவ்வளவு சத்தம் கேட்டிருக்காது. சின்னராசு குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. பார்த்திபன் என்னைத் தாண்டிப் பின்னால் போகப் பார்த்தார், பாதையில் இடம் இல்லை. இன்னொரு கழியை இங்கே விட்டுவிட்டுப் போகப் போகிறோம் என்றுதான் நினைத்தேன்.

பின்னால் விளக்கு சொடுக்குகிற சத்தம் கேட்டது.

"கண்ணு முழிச்சிக்கினு கீறே" என்றாள் பாஞ்சாலி அக்கா, மெதுவாக. "முழிச்சிக்கினுதானே கீறே. அப்பறம் இன்னாடி?"

அன்பரசியின் குரல் வந்தது. யார் காதிலும் விழக் கூடாது என்பது மாதிரி அவ்வளவு தணிந்து வந்தது.

"மாமா எடத்துல பேசக் கூடாதுன்னு நீதானே அத்தே சொன்ன."

முன்னால் நின்ற எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வெட்கமாக இல்லை. தலையில் அடிபட்டு, கண் சொருகிக்கொண்டிருக்கும்போதும் அந்தப் பெண் மாமியார் சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறாள். தலைக்கு மேலே வேங்கை மரத்தின் கொம்பு தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள்.

பாஞ்சாலி அக்கா அழுதாளா என்று எனக்குத் தெரியாது.

"பேசு" என்றாள். "இனிமே இங்க பேசு. அவருக்கும் கேக்கட்டும். நடங்க தம்பி, இன்னா நின்னுட்டீங்க? ஓடுங்க."

ஓடினோம். இறக்கத்தில் எப்படி ஓடினோம் என்று இன்றைக்கு அந்தப் பாதையைப் பார்த்தால் நம்ப முடியவில்லை. ஜீப் நிற்கும் இடத்தில் 108 வண்டி வந்து நின்றிருந்தது. திருப்பத்தூரில் படம் எடுத்துப் பார்த்து, மண்டைக்குள் ரத்தக் கசிவு இருக்கிறது என்று வேலூருக்கு அனுப்பினார்கள். நல்லவேளையாகத் தலையைத் திறக்க வேண்டி வரவில்லை. தசரதன் பெங்களூரில் இருந்து நேராக அங்கே வந்து சேர்ந்தான்.

அபாயம் தாண்டிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிற்பகல் நானும் அங்கே இருந்தேன். பாஞ்சாலி அக்கா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அப்போதும் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தாள். அன்பரசி ஊம் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"இப்பவாவது தூங்கட்டுமா அத்தே?" என்றாள்.

அக்கா நர்ஸம்மாவைப் பார்த்தாள். தூங்கட்டும்மா, தூங்கினால்தான் நல்லது என்றார் அவர். அக்கா அப்போதும் ஒரு கணம் யோசித்தாள். பிறகு மருமகளின் பாதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, "சரி, தூங்கு" என்றாள். அவள் தூங்கி எழுகிறவரை அந்தக் கையை எடுக்கவில்லை.

டோலியில் போனவர் பிழைத்துத் திரும்பினால் துணியை ஓடையில் அலசி வீட்டுக்குக் கொண்டுவருவது ஊர் வழக்கம். அந்த ஹேமக்கையும் அலசி, மடித்து, என் கடைக்கே எடுத்துக்கொண்டு வந்தாள் அக்கா. நான் வாங்கவில்லை. பார்த்திபன் கட்டிய கம்பியோடு அது இப்போது அவர்கள் சமையல் கொட்டகையில் குறுக்குக் கழியில் தொங்குகிறது. அதற்குப் பிறகு ஊரில் இரண்டு பேரை அதில் இறக்கியிருக்கிறார்கள். இரண்டு பேரும் திரும்பி வந்துவிட்டார்கள்.

கல்யாணச் சோற்றில் கல் என்று சொன்னதை மட்டும் அன்பரசி இன்னும் மறக்கவில்லை. பேச்சு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

இந்தக் குளிர்காலத்தில் பார்த்திபன் வந்தபோது கேமராவை எடுக்காமலே அதே கேள்வியைக் கேட்டார். பாஞ்சாலி அக்கா இந்தத் தடவை எழுந்து போகவில்லை.

"புடிச்சது தலை லைட்டு. புடிக்காதது அந்தத் துணிதான். அதுல மாத்தம் இல்ல" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஆனா அது இல்லாம மட்டும் யாரும் மலைக்கு வராதீங்க" என்றாள்.

மறுநாள் எல்லோரும் இறங்கினோம். சந்தைக்குப் போக அன்பரசியும் கூட வந்தாள். பாறையும் வேங்கை மரமும் வந்தன. பழக்கத்தில் நானும் பார்த்திபனும் வாயை மூடிக்கொண்டோம். பாஞ்சாலி அக்கா தழை ஒடித்துப் போட்டாள். வாயில் விரல் வைக்கவில்லை. மரத்தடியைப் பார்த்து, பக்கத்து வீட்டில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

"இந்த வருசம் சாமை பரவால்ல. உம் புள்ள பொங்கலுக்கு வந்துட்டுப் போனான். எளச்சிட்டான். சின்னராசுக்கு முட்டி வலி. மரம் ஏறாதன்னா கேக்க மாட்டேங்கறான்."

சொல்லிவிட்டு நின்றாள். காத்திருக்கிறாள் என்று எனக்குப் பட்டது.

அவளுக்குப் பின்னால் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நின்ற அன்பரசி, "ஊம்" என்றாள்.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. நெற்றி விளக்கைச் சரிசெய்துகொண்டு இறங்கத் தொடங்கினாள்.